நொடி முள் உள்ள கடிகாரம் வாங்குங்கள்: நர்சிங் முதலாண்டு மாணவர்களுக்கு

சீருடை தைக்கக் கொடுத்தாயிற்று, வெள்ளை ஷூ வாங்கியாயிற்று, விடுதியில் கட்டிலும் கிடைத்தாயிற்று என்றால், அடுத்ததாக ஒரு கைக்கடிகாரம் வாங்குங்கள். விலை மலிவானதே போதும்; நொடி முள் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். வார்டுக்குள் கைப்பேசியை எடுத்து நேரம் பார்க்க முடியாது. பார்த்தாலும் நோயாளிக்கு நீங்கள் யாருக்கோ செய்தி அனுப்புவதாகத்தான் தோன்றும்.

கடிகாரத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதலாண்டு படித்தபோது, காலை டியூட்டியில் 14 படுக்கைகளுக்கு வெப்பநிலை, நாடி, மூச்சு மூன்றையும் குறிக்கும் டி.பி.ஆர். சார்ட் எழுதச் சொன்னார்கள். வெப்பநிலையும் நாடித்துடிப்பும் ஒழுங்காகப் பார்த்தேன். மூச்சு எண்ணிக்கைக்கு மட்டும் எல்லாருக்கும் 20 என்று எழுதினேன். எனக்கு முந்தைய நாள் எழுதியவளும் 20 என்றுதான் எழுதியிருந்தாள். அதற்கு முந்தைய நாளும் அதேதான். ட்யூட்டர் சார்ட்டைப் புரட்டிப் பார்த்தார், திட்டவில்லை. என்னை 11ஆம் படுக்கைக்கு அழைத்துப் போய், "எண்ணு" என்றார். எண்ணினேன். 34 வந்தது. அந்த அம்மா இரவெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். சார்ட்டில் அவர் சுகமாக இருந்தார்.

நர்சிங் அடிப்படைகள் என்ற பாடத்தில் வரும் வரலாறு, கோட்பாடு, செய்முறை எல்லாவற்றையும் அந்த 34ஐ மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எளிதாக இருக்கும் என்பது என் அனுபவம். இந்தக் கட்டுரையும் அந்த வழியில்தான் போகிறது. ஏ.என்.எம். (துணைச் செவிலியர்), ஜி.என்.எம். (பொது நர்சிங்) பட்டயப் படிப்புகளில் சேர்ந்தவர்களை நினைத்து எழுதுகிறேன், பி.எஸ்ஸி. முதலாண்டுக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

செவிலியர் என்ற சொல் அரசாணைக்காக உருவாக்கியது அல்ல. சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களில் தலைவியை வளர்த்து ஆளாக்கும் வளர்ப்புத்தாய்தான் செவிலி. தலைவியின் முகம் வாடியிருப்பதையும் உடல் மெலிந்திருப்பதையும் முதலில் கண்டுபிடிப்பவளும் பெரும்பாலும் அவள்தான். இலங்கையில் தாதியர் என்கிறார்கள். வார்டில் உங்களை யாரும் இப்படியெல்லாம் அழைக்கப் போவதில்லை. சிஸ்டர் என்பார்கள், வயதானவர்கள் "பாப்பா" என்றும் கூப்பிடுவார்கள். ஆண் மாணவர்களுக்கு "பிரதர்".

இன்னொரு பெயர் திருக்குறளில் இருக்கிறது. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், 950:

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உழைச்செல்வான். இந்த நான்கும் சேர்ந்தால்தான் மருத்துவம் என்கிறார் வள்ளுவர். உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவரை மருத்துவருக்கும் மருந்துக்கும் இணையாக வைத்து எண்ணியிருக்கிறார். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையிலும் இதே நான்கையும் பார்க்கலாம். அதில் பணிவிடை செய்பவருக்கு நான்கு தகுதிகள் சொல்லப்படுகின்றன: பணிவிடை முறைகளை அறிந்திருத்தல், கைத்திறமை, நோயாளியிடம் அன்பு, தூய்மை. இன்றைய பாடத்திட்டத்தில் அறிவு, திறன், மனப்பாங்கு என்று மூன்றாகப் பிரித்து வைத்திருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வில் இந்திய நர்சிங் வரலாறு கேட்டால் இதிலிருந்து தொடங்கலாம். "நர்சிங் பெண்களின் வேலை" என்று விடுதி வாசலில் கிண்டல் செய்பவர்களுக்கு, குறளில் இருப்பது "செல்வான்" என்று ஆண் மாணவர்கள் பதில் சொல்லலாம்.

இரண்டாம் படி: வரலாற்றை ஆண்டுகளாகப் படிக்காதீர்கள்

ஆண்டுகளை உருப்போட்டால் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடும். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: அதற்கு முன்பு யாருடைய கண்ணில் என்ன படவில்லை?

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், இன்னொன்றில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றார்கள். முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். இரண்டாவதில் அவ்வளவு இல்லை. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். மாணவர்கள் பிண அறையில் உடல்களை அறுத்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்துக்கு மேல் இருந்த இறப்பு ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. கிருமிக் கோட்பாடு அப்போது நிலைபெற்றிருக்கவில்லை. மருத்துவர்களின் கைதான் நோயைக் கொண்டு போகிறது என்று சொன்னதைச் சக மருத்துவர்கள் பலர் ஏற்கவுமில்லை.

அடுத்து ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். இவரை விளக்கோடு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம் என்பது என் வருத்தம். 1820 மே 12 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். நர்ஸ் என்றால் குடிகாரி, படிக்காதவள் என்று நினைத்த காலம். வீட்டில் கடும் எதிர்ப்பு. ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பாதிரியார் ஃபிளீட்னர் 1836இல் தொடங்கிய நிலையத்தில் 1851இல் பயிற்சி பெற்றார். 1854 நவம்பரில், கிரிமியப் போரில் காயமடைந்தவர்களைப் பார்க்க 38 பெண்களோடு இஸ்தான்புல் அருகிலுள்ள ஸ்கூட்டாரி படைமுகாம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர் போனதும் இறப்பு குறைந்துவிட்டது என்றுதான் பள்ளிப் பாடங்களில் படித்திருப்பீர்கள். நடந்தது வேறு. அந்தக் குளிர்காலத்தில் இறப்பு ஏறிக்கொண்டே போனது; 1855 பிப்ரவரியில் 100க்கு 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நர்சுகள் காயம்பட்டவர்களுக்குச் சுத்தமான உடை உடுத்தினார்கள், உணவு கொடுத்தார்கள், துணி துவைத்தார்கள், இரவில் விளக்கோடு சுற்றினார்கள், சாவு நிற்கவில்லை. கட்டடமே அடைத்துக்கொண்ட சாக்கடையின் மேல் நின்றிருந்தது. மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகுதான் எண்ணிக்கை மடமடவென்று இறங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பியபின், புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் உதவியோடு நைட்டிங்கேல் கணக்குகளை எடுத்து வைத்துப் பார்த்தார். குண்டுக் காயத்தில் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களில் இறந்தவர்கள் பல மடங்கு. 1858இல் அதை வட்ட வடிவ வரைபடமாகப் போட்டு அரசுக்குக் காட்டினார். தான் இருந்த இடத்தில் தன் கண்ணெதிரே நடந்த தவற்றைத் தானே எண்களாக்கி வெளியிட்ட துணிச்சல்தான் எனக்கு அந்த விளக்கைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

விளக்கு பற்றியும் ஒரு வார்த்தை. விளக்கேற்றும் விழாவில் கையில் கொடுக்கும் அலாவுதீன் விளக்கு போன்றது அவரிடம் இருக்கவில்லை. துருக்கியில் அப்போது புழங்கிய, மடிக்கக்கூடிய கூண்டு விளக்குதான் எடுத்துச் சென்றார். அதே விழாவில் சொல்லும் நைட்டிங்கேல் உறுதிமொழியும் அவர் எழுதியதில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதி அவர் பெயரைச் சூட்டியது. வாய்மொழித் தேர்வில் இதைச் சொல்லிப் பாருங்கள், தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மதத் தொண்டாக இருந்த வேலை, சம்பளமும் பாடத்திட்டமும் கொண்ட தொழிலானதற்கு இந்த ஆண்டைத் திருப்புமுனையாகச் சொல்கிறார்கள். அதே கிரிமியாவில், ஜமைக்காவில் பிறந்த மேரி சீக்கோல் சொந்தச் செலவில் விடுதி ஒன்று நடத்திப் படைவீரர்களைக் கவனித்தார். அவர் பெயர் நெடுங்காலம் பாடநூல்களில் ஏறவில்லை.

நம் ஊர்க் கதை

சென்னையில் படிப்பவர்களுக்கு வரலாறு பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. 1664இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைவீரர்களுக்காகச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கிய சிறு மருத்துவமனைதான், இன்று சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே 1871இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியைத்தான் இந்தியாவின் முதல் நர்சிங் பள்ளியாகப் பாடநூல்கள் குறிக்கின்றன.

வேலூருக்குத் தனிக் கதை. அமெரிக்க மிஷனரி மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர். இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூன்று பேரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்று ஐடாவைக் கேட்டார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1909இல் அங்கே நர்சிங் பள்ளி. மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்பே நர்சிங் பள்ளி வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். 1946இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நர்சிங் பட்டப்படிப்பு அங்கே தொடங்கியது. அதே ஆண்டு டெல்லியிலும் ஒரு நர்சிங் கல்லூரி தொடங்கியது.

மற்றவை விரைவாக: 1888இல் ராணுவ மருத்துவமனைகளுக்காக இங்கிலாந்திலிருந்து பயிற்சி பெற்ற நர்சுகள் வந்தார்கள். 1908இல் இந்தியப் பயிற்சி பெற்ற நர்சுகள் சங்கம். 1926இல் மதராஸ் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம். படிப்பு முடித்து நீங்கள் பெயர் பதியப் போகும் தமிழ்நாடு கவுன்சில் இதிலிருந்து வந்தது. 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். 2023இல் அதற்குப் பதிலாகத் தேசிய நர்சிங், மகப்பேறு செவிலிய ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பழைய நோட்ஸை வைத்துப் படிக்கும் சீனியர்களிடம் கடைசி வரி இருக்காது, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாடநூல் மென்மையாகத் தாண்டிப் போகும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் இந்த வேலைக்கு வந்தவர்களில் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களுமே மிகுதி. பிறர் உடலையும் மலத்தையும் இரத்தத்தையும் தொடுவது தீட்டு என்று மற்றக் குடும்பங்கள் விலக்கி வைத்தன. இரவு டியூட்டிக்குப் போகும் பெண்ணைப் பற்றி வம்பு பேசுவதும் அன்றே தொடங்கியது. உங்கள் வீட்டில் யாராவது "நர்சிங்கா?" என்று இழுத்துக் கேட்டிருந்தால், அந்த இழுவைக்கு நூறாண்டு வயது.

மூன்றாம் படி: நான்கு சொற்கள், 14 தேவைகள்

எந்த நர்சிங் கோட்பாட்டை எடுத்தாலும் நான்கு சொற்களைச் சுற்றித்தான் வரும்: மனிதர், சுற்றுச்சூழல், உடல்நலம், நர்சிங். கோட்பாட்டாளர் யாராக இருந்தாலும், இந்த நான்கைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று நான்கு வரி எழுதிவைத்தால் பாதி வேலை முடிந்தது. நைட்டிங்கேலுக்குச் சுற்றுச்சூழல்தான் எல்லாம்: காற்று, வெளிச்சம், சுத்தமான நீர், சாக்கடை, அமைதி. ஸ்கூட்டாரி கதை தெரிந்தவருக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. உடல்நலத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 1948ஆம் ஆண்டு வரையறையைப் படியுங்கள்: நோய் இல்லாதிருப்பது மட்டும் போதாது, உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றிலும் முழு நலம் வேண்டும். அப்படிப் பார்த்தால் நம்மில் யார் நலமாக இருக்கிறோம் என்று தோன்றும். அந்த விமரிசனமும் நெடுநாளாக இருப்பதுதான்.

முதலாண்டில் உண்மையாகக் கைகொடுப்பவர் வர்ஜீனியா ஹெண்டர்சன். ஒருவருக்குப் பலமோ மனமோ அறிவோ இருந்திருந்தால் தானே செய்துகொள்ளக்கூடியதை, அது இல்லாத நேரத்தில் அவருக்குச் செய்து கொடுப்பது, விரைவில் அவரே செய்துகொள்ளும் நிலைக்குக் கொண்டுவருவது, மீளாத நோய் என்றால் அமைதியாக இறக்கத் துணை நிற்பது. நர்சிங் என்று அவர் சொல்வது இதைத்தான். 14 அடிப்படைத் தேவைகளைப் பட்டியலிட்டார். மூச்சு, உணவும் நீரும், கழிவு வெளியேற்றம், அசைவும் உடல் நிலையும், உறக்கமும் ஓய்வும், உடை, உடல் வெப்பம், தூய்மை, ஆபத்திலிருந்து பாதுகாப்பு, பேசிப் பகிர்தல், வழிபாடு, வேலை, பொழுதுபோக்கு, கற்றல். புதிய நோயாளி முன்னால் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கும்போது, இந்த வரிசையை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு கேளுங்கள். "ராத்திரி தூங்கினீர்களா ஐயா? மோஷன் போயிற்றா? என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கக் கேட்கப் பேச்சு தானாக வளரும்.

நான்காம் படி: ஒரு பாட்டியை வைத்து நர்சிங் செயல்முறை

மதிப்பீடு, நர்சிங் கண்டறிதல், திட்டமிடல், செயல்படுத்தல், மறுமதிப்பீடு. ஐந்தையும் மனப்பாடம் செய்யாத மாணவர் இல்லை. நோயாளியிடம் பொருத்திப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டி இழுத்து வைக்கும் இழுவை போட்டுப் படுத்திருக்கும் 70 வயதுப் பாட்டி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் கண்டறிந்தது எலும்பு முறிவு. அது கேஸ் ஷீட்டில் இருக்கிறது. நீங்கள் கண்டறிய வேண்டியது அதுவல்ல. முறிவினால் அந்தப் பாட்டியின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கிறது என்பதுதான் உங்கள் பகுதி. பார்க்கிறீர்கள்: மல்லாந்தே கிடக்கிறார், குதிகால் மெத்தையில் அழுந்துகிறது. கேட்கிறீர்கள்: மூன்று நாளாக மலம் கழியவில்லை. காலை டீயைத் தவிர வேறு எதுவும் குடிப்பதில்லை. ஏன் என்று விசாரித்தால், பெட் பேன் (படுக்கையிலேயே மலசலம் கழிக்க வைக்கும் பாத்திரம்) கேட்கக் கூச்சம், அதனால் தண்ணீரையே குறைத்துக்கொண்டார். இப்போது உங்கள் கண்டறிதல் தயார்: அசைய முடியாததால் படுக்கைப்புண் வரும் அபாயம், நீர் குறைவாலும் அசைவின்மையாலும் மலச்சிக்கல்.

திட்டத்தில் அளக்க முடிந்த இலக்கு வையுங்கள். "பாட்டி நலமடைவார்" என்பது இலக்கு அல்ல, வாழ்த்து. "48 மணி நேரத்துக்குள் மலம் கழிப்பார்", "ஒரு வாரம் வரை முதுகிலும் குதிகாலிலும் தோல் மாற்றம் இருக்காது" என்பவைதான் இலக்குகள். செயலுக்கு வரும்போது, படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை நிலை மாற்றுங்கள் என்று பாடநூல் சொல்லும். இழுவையில் இருப்பவரை அப்படிப் புரட்டிவிட முடியாது. எவ்வளவு தூக்கலாம், எப்படித் தூக்கலாம் என்று ஸ்டாஃப் நர்ஸிடம் கேட்டு, அவரோடு சேர்ந்து செய்யுங்கள். திரையை இழுத்துவிட்டுப் பெட் பேன் கொடுங்கள். பல நேரங்களில் மலச்சிக்கலுக்கு முதல் மருந்து அந்தத் திரைதான்.

தோலைப் பார்ப்பதில் ஒரு சிக்கல். படுக்கைப்புண்ணின் முதல் நிலை, அழுத்தி எடுத்தாலும் வெளிறாத சிவப்பு என்று படித்திருப்பீர்கள். பாடநூல் படங்களில் இருப்பது பெரும்பாலும் வெள்ளையர் தோல். நம் பாட்டியின் கருந்தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ, இறுகியோ சொதசொதப்பாகவோ இருக்கிறதா? சுற்றுத் தோலைவிட நிறம் அடர்ந்திருக்கிறதா? அங்கே வலிக்கிறதா என்று கேளுங்கள். இதை எனக்குச் சொல்லித்தந்தது புத்தகம் இல்லை, 30 ஆண்டு வார்டில் இருந்த ஒரு சிஸ்டர்.

மறுமதிப்பீட்டில் இலக்கை எடுத்துவைத்து ஆயிற்றா இல்லையா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் திட்டம் தவறு. பாட்டி மேல் தவறு இல்லை.

ஐந்தாம் படி: கையும் கடிகாரமும்

கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது: நோயாளியைத் தொடும் முன், கிருமி நீக்கிய செய்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய சுற்றுப்புறத்தைத் தொட்ட பின். எல்லாரும் கோட்டை விடுவது ஐந்தாவதில். கட்டில் கம்பி, கேஸ் ஷீட், டிரிப் ஸ்டாண்டைத் தொட்டுவிட்டு நோயாளியைத் தொடவில்லையே என்று நகர்ந்துவிடுகிறோம். சோப்பும் நீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 நொடி, ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 நொடி. கட்டை விரலும் விரல் நுனியும் விட்டுப்போகும் இடங்கள். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் கரைசல் போதாது, குழாய்க்குப் போங்கள்.

வெப்பநிலை: இயல்பு ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 98.6. அக்குளில் வைத்தால் வாயில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். எங்கே வைத்தீர்கள் என்றும் எழுதுங்கள். நிமிடத்தில் பீப் ஒலிக்கும் கருவியைச் சலித்துக்கொள்பவர்களுக்கு: 1860களில் தாமஸ் ஆல்பட் சிறிய தெர்மாமீட்டரை உருவாக்கும்வரை, ஓர் அடி நீளக் கருவியை 20 நிமிடம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

நாடி: மணிக்கட்டில், கட்டை விரல் பக்கம், மூன்று விரல் நுனிகளால். உங்கள் கட்டை விரலால் பார்த்தால் உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100. துடிப்பு சீராக இல்லை என்றால் அரை நிமிடம் எண்ணி இரட்டிக்காதீர்கள், முழு நிமிடம் எண்ணுங்கள்.

மூச்சு: பெரியவர்களுக்கு 12 முதல் 20, பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60. எண்ணப்போகிறேன் என்று சொன்னதும் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். ஆகவே நாடி பார்த்து முடித்ததும் விரலை எடுக்காமல், கடிகாரத்திலிருந்து பார்வையை நெஞ்சுக்கு நகர்த்துங்கள். ஒரு முழு நிமிடம். எண்ணிக்கையோடு, கழுத்துத் தசை இழுக்கிறதா, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா என்றும் பாருங்கள். உடல்நிலை கெடத் தொடங்கும்போது மற்ற எண்களுக்கு முன்பே பெரும்பாலும் மாறுவது இதுதான். வார்டுகளில் அக்கறையின்றி எழுதப்படுவதும் இதுதான்.

இரத்த அழுத்தம்: உட்கார வைத்து 5 நிமிடம் கழித்து, கை இதய மட்டத்தில், முதுகு சாய்ந்து, பேச்சு இல்லாமல். கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பருமனானவர்களுக்கு மாத்திரை கூட்டப்படுவதற்கு இதுவும் ஒரு வழி. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் அந்த ஒலிகளை 1905இல் விவரித்தவர் ரஷ்ய மருத்துவர் கோரட்காஃப். முதல் வாரம் உங்களுக்கு எதுவும் கேட்காது. எல்லாருக்கும் அப்படித்தான். கேட்டதாகச் சொல்லி 120/80 என்று எழுதாதீர்கள். "கேட்கவில்லை சிஸ்டர், ஒரு தரம் பாருங்கள்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

கழிவு வாளிகளை முதல் நாளே பழகுங்கள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி இரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளுக்கு. டிரிப் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை சிவப்புக்கு. ஊசி, பிளேடு துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கு. மருந்து பாட்டில் கண்ணாடி நீலத்துக்கு. பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். மாணவர்கள் கையில் ஊசி குத்துவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். குத்திவிட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, உடனே பொறுப்பு நர்ஸிடம் சொல்லுங்கள். திட்டு விழும் என்று மறைக்க வேண்டாம், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

ஆறாம் படி: மருந்து கொடுக்கும்போது

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். கொடுத்தபின் சரியான பதிவு. இதில் முதலாவது நம் ஊரில் எளிதல்ல. "நீங்கள்தானே செல்வி?" என்று கேட்டால், பாதித் தூக்கத்திலிருக்கும் எந்த அம்மாவும் தலையாட்டிவிடுவார். "உங்கள் பெயர் என்னம்மா, அப்பா பெயரோ வீட்டுக்காரர் பெயரோ என்ன?" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். குடும்பப் பெயர் வழக்கம் இல்லாத ஊரில், ஒரே வார்டில் மூன்று செல்வி இருப்பார்கள். மருத்துவமனை எண்ணையும் ஒத்துப்பாருங்கள். படுக்கை எண்ணை அடையாளமாக வைக்காதீர்கள். காற்றாடிக்குக் கீழே இடம் கேட்டு நோயாளிகள் கட்டில் மாறிக்கொள்வது அன்றாடம் நடப்பது.

மாணவராக இருக்கும்வரை பொறுப்பு நர்ஸ் பக்கத்தில் இல்லாமல் எந்த மருந்தும் கொடுக்காதீர்கள். வேலை அதிகம், நீயே போட்டுவிடு என்று யாராவது சொன்னாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: எழுதுவதும் சொல்வதும்

"நோயாளி நன்றாக இருக்கிறார்" என்று எழுதுவதில் எந்தத் தகவலும் இல்லை. நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியும், நீங்கள் பார்த்ததை எண்ணோடும் எழுதுங்கள்: "நெஞ்சில் கல்லை வைத்தது போல் இருக்கிறது என்றார். நாடி 112, மூச்சு 28, வியர்த்திருக்கிறது. நேரம் 4.10. பொறுப்பு நர்ஸிடம் தெரிவிக்கப்பட்டது." செய்வதற்கு முன் எழுதாதீர்கள். தவறாக எழுதியதை வெள்ளை மையால் மறைக்காமல், ஒரு கோடு போட்டுக் கையெழுத்திடுங்கள்.

நீர்க் கணக்கு எழுதும்போது டம்ளர் கணக்கு வேண்டாம். அந்த வார்டு டம்ளர் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சி, மோர், இளநீர், ரசம் எல்லாம் திரவம்தான். கூட இருக்கும் உறவினரிடம் கேட்டால்தான் வெளிவரும். அரசு மருத்துவமனைகளில் நோயாளியை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவர் கூட இருக்கும் அந்த உறவுக்கார அம்மாதான். "நேற்றைவிட இன்றைக்கு ஒரு மாதிரி இருக்கிறார்" என்று அவர் சொன்னால் உடனே கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்குங்கள்.

மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்ல எஸ்.பி.ஏ.ஆர். என்ற முறை இருக்கிறது: இப்போதைய நிலை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் கோரிக்கை. இரவு 2 மணிக்கு ஸ்டாஃப் நர்ஸ் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். "சார், ஆண்கள் அறுவைப் பிரிவு. 9ஆம் படுக்கைக்கு மூச்சு 32, ஆக்ஸிஜன் அளவு 89. நேற்றுக் குடல் அறுவை ஆனவர். ஒரு மணி நேரத்துக்கு முன்பு 22, 96 இருந்தது. நுரையீரலில் ஏதோ ஆகியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆக்ஸிஜன் வைக்கிறேன், நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்." அரை நிமிடம்கூட ஆகாது. இதில் மூச்சுக்கு முந்தைய எண் உண்மையாக எண்ணி எழுதியதாக இருந்தால்தான், 22இலிருந்து 32க்கு ஏறியது என்று அவரால் சொல்ல முடியும்.

முதல் வார்டு நாளுக்குப் பையில் வைக்க வேண்டியவை: கடிகாரம், இரண்டு பேனா, சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு, தண்ணீர் பாட்டில், இரண்டு பிஸ்கட். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், மோதிரத்தையும் வளையலையும் விடுதியிலேயே விட்டுவிடுங்கள். காலை உணவைத் தவறவிடாதீர்கள். முதல் முறை புண் சுத்தம் செய்வதைப் பார்க்கும்போது வெறும் வயிற்றோடு நின்றவர்கள்தான் பெரும்பாலும் மயங்கி விழுகிறார்கள். தலை சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், வெட்கப்படாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன்.